கையில் காது பொருத்திக்கொண்டவர் கலைஞரா? ஊடகக் கலையில் உடலும் அடையாளமும்

கேள்வி இதுதான்: "முன்கையில் காது பொருத்திக்கொண்ட ஒருவரின் படத்தைப் பார்த்தேன். அதை ஊடகக் கலை என்கிறார்கள். கவனத்தை இழுப்பதற்காகச் செய்கிற வேலையா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா? தொழில்நுட்பம், அடையாளம், உடல் என்று பெரிய வார்த்தைகளாகச் சொல்கிறார்களே, அதற்கெல்லாம் என்ன பொருள்?"

இருக்கிறது. ஊடகக் கலை என்றால் கருவி, கணினி, இணையம் போன்ற தொழில்நுட்பத்தையே ஊடகமாக வைத்துச் செய்யும் கலை. ஆனால் காதிலிருந்து ஆரம்பித்தால் பிடிபடாது. அந்தக் காதுக்கு முன்னால் அந்த மனிதர் முப்பது வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும்.

அவர் பெயர் ஸ்டெலார்க். 1946இல் சைப்ரஸ் நாட்டின் லிமாசோலில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஸ்டெலியோஸ் ஆர்காடியு என்ற பெயரை 1972இல் சட்டப்படி ஸ்டெலார்க் என்று மாற்றிக்கொண்டார். 1970களிலும் 80களிலும் பெரும்பகுதி ஜப்பானில் வசித்தார். அங்கேதான் அவரைப் பற்றிய முதல் பரபரப்பு கிளம்பியது. தோலில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார். 1976 முதல் 1988 வரை இப்படிச் சுமார் 25 தடவை. கேலரிக்குள் கற்களை எதிர் எடையாகக் கட்டித் தொங்கியது உண்டு, கடலோரத்தில் அலைகளுக்கு மேல் தொங்கியது உண்டு, கோபன்ஹேகனில் கிரேனில் ஏறி நகரத்துக்கு மேலே தொங்கியதும் உண்டு.

நமக்கு இதைப் பார்த்ததும் செடல் திருவிழாவும் தைப்பூசக் காவடியும்தான் நினைவுக்கு வரும். அவரிடமும் இந்த ஒப்பீட்டைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை ஏற்றுக்கொள்வதில்லை. செடலில் நேர்த்திக்கடன் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது, கூட நிற்கும் ஊர் இருக்கிறது. ஸ்டெலார்க்கின் தொங்கலில் இது எதுவும் கிடையாது. அவர் பார்க்க விரும்பியது உடலை, ஒரு பொருளாக. இழுத்தால் தோல் எவ்வளவு நீளும், எடை எங்கே இறங்கும் என்பதை. வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரிகிற இரண்டு செயல்கள் உள்ளே இவ்வளவு தூரம் விலகி இருக்க முடியும் என்பதே எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது. ஆனாலும் அவருடைய படைப்புகளில் இந்தக் கட்டம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. முக்கியமானது அடுத்து வந்தது.

1980இல் ஜப்பானில் அவருக்காக ஒரு மூன்றாவது கை தயாரானது. டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் உருவான மாதிரி ஒன்றின் அடிப்படையில் செய்யப்பட்டது. அலுமினியம், எஃகு, அக்ரிலிக், உள்ளே மின்சுற்று. வலது கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். கை போனவர்களுக்குச் செயற்கைக் கை வைப்பார்கள் அல்லவா, இது அப்படியல்ல. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவருக்குக் கூடுதலாக ஒன்று. வயிற்றிலும் தொடையிலும் மின்முனைகளை ஒட்டியிருப்பார். அந்தத் தசைகளை இறுக்கினால் அங்கே பிறக்கும் மெல்லிய மின் சமிக்ஞையைக் கருவி பெரிதாக்கி மோட்டாருக்கு அனுப்பும். கை பிடிக்கும், விடும், மணிக்கட்டு 290 டிகிரி வரை சுழலும். நம் மணிக்கட்டால் அவ்வளவு முடியாது.

1982இல் டோக்கியோவின் மாகி கேலரியில் இந்தக் கையோடு ஒரு நிகழ்ச்சி செய்தார். 'எவல்யூஷன்' (பரிணாமம்) என்ற ஆங்கிலச் சொல்லை மூன்று கைகளாலும் ஒரே நேரத்தில் எழுதினார். அந்தச் சொல்லில் ஒன்பது எழுத்து. ஒரு கை ஒரு எழுத்தைப் போடும்போது இன்னொரு கை வேறொரு எழுத்தைப் போடும், வயிற்றுத் தசையால் இயங்கும் மூன்றாவது கை மற்றொன்றை. நீங்களே இரண்டு கையிலும் பேனா பிடித்து ஒரே சமயத்தில் 'அ'வும் 'ம'வும் எழுதிப் பாருங்கள். அப்போது தெரியும், "நான் எழுதுகிறேன்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் என்பது. என் கை என்பது எது? என் விருப்பப்படி நகர்வதா, என் தோல் போர்த்தியதா? இந்தக் கேள்வியைத் தத்துவப் புத்தகத்தில் படிப்பது ஒரு வகை. ஒருவர் உங்கள் முன்னால் நின்று வயிற்றை இறுக்கி எழுத்துப் போடுவதைப் பார்ப்பது வேறு வகை.

இங்கிருந்து அவர் கட்டுப்பாட்டை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கத் தொடங்கினார். அதுதான் அவருடைய ஆகச் சிறந்த காலம் என்று நினைக்கிறேன்.

1995 நவம்பரில் லக்சம்பர்க்கில் அவர் உடல் முழுக்க மின்முனைகளோடு நின்றார். பாரிஸின் பாம்பிதூ கலை மையம், ஹெல்சிங்கி, ஆம்ஸ்டர்டாம் ஆகிய இடங்களில் இருந்தவர்கள் தொடுதிரையில் மனித உடலின் படத்தைத் தொட்டார்கள். அவர்கள் தொட்ட இடத்துக்கு ஏற்ற தசையில் இவருக்கு மின்சாரம் பாய்ந்தது. கை தானாகத் தூக்கிக்கொண்டது, கால் மடங்கியது. இயற்கையான கைகால்கள் ஊரார் இஷ்டத்துக்கு ஆட, இரும்புக் கையை மட்டும் அவரே இயக்கினார். எது சொந்தக் கை, எது கருவி என்பது அங்கே தலைகீழாகிவிட்டது.

அடுத்த வருடம் சிட்னியில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதர்களையும் எடுத்துவிட்டு, இணையத்தையே தன் உடலோடு கோத்தார். 'பிங்' என்பது தெரியும்தானே? ஒரு கணினியிலிருந்து தொலைவில் உள்ள சர்வருக்கு ஒரு சின்னத் தகவலை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளப்பது. உலகெங்கும் உள்ள சர்வர்களுக்கு இப்படிப் பிங் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை 0 முதல் 60 வோல்ட் வரையிலான மின் தூண்டலாக மாற்றித் தோளிலும் கையிலும் காலிலும் வாங்கிக்கொண்டார். இணையத்தில் நெரிசல் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் உடல் அதற்கேற்ப வெட்டி வெட்டி ஆடியது. இது 1996இல். நம் ஊரில் அப்போதுதான் இணையம் எட்டிப் பார்த்திருந்தது. இன்று போனில் ஒரு அறிவிப்பு ஒலித்தால் நம் கை யோசிக்காமல் சட்டைப் பைக்குப் போகிறதே, அந்த அசைவு யாருடையது என்று நான் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இந்த நிகழ்ச்சிதான்.

சரி, இப்போது காதுக்கு வரலாம். 1990களின் பிற்பகுதியிலேயே அவருக்கு அந்த யோசனை வந்துவிட்டது. முதலில் தலையின் பக்கவாட்டில் வைக்க நினைத்தார். அங்கே முகத்தின் நரம்புகளும் தாடையும் இருப்பதால் ஆபத்து அதிகம். அப்புறம் இடது முன்கையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே தோல் மென்மையாகவும் நீளக்கூடியதாகவும் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்குத் தேவையே இல்லாத உறுப்பை வைக்க எந்த அறுவை மருத்துவர் சம்மதிப்பார்? ஆளைத் தேடிப் பிடிக்கவே வருடக்கணக்கில் ஆனது. 2006இல் லாஸ் ஏஞ்சலஸில் வேலை தொடங்கியது. முதலில் தோலுக்கடியில் ஒரு சிலிகான் பையை வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்தார்கள். பிறகு நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீனில் செய்த காது வடிவச் சட்டத்தை உள்ளே வைத்தார்கள். அந்தத் துளைகளுக்குள் அவருடைய சொந்தத் திசு வளர்ந்து, ரத்தக் குழாய்கள் ஓடி, சட்டம் உடலோடு ஒன்றிப்போனது.

இந்தக் காது கேட்பதற்காக வைத்ததல்ல, அனுப்புவதற்காக வைத்தது. பலருக்குத் தெரியாத விஷயம் இது. உள்ளே ஒரு சின்ன மைக்ரோஃபோன் வைத்து, அதை இணையத்தோடு இணைத்து, அவர் இருக்கும் இடத்தில் கேட்பதை உலகின் வேறு மூலையில் இருப்பவரும் கேட்கும்படி செய்வதுதான் திட்டம். அறுவை சிகிச்சையின்போது ஒருமுறை மைக்கை உள்ளே வைத்துச் சோதித்தார்கள். கையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த நிலையிலும், முகக்கவசம் போட்ட மருத்துவர் பேசியது அந்தக் காதின் வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஆனால் சில வாரங்களில் கிருமித்தொற்று வந்து மைக்கை எடுக்க வேண்டியதாயிற்று. வடிவம் மட்டும் கையிலேயே இருந்தது. 2010இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆர்ஸ் எலக்ட்ரானிகா அமைப்பு இந்தப் படைப்புக்குத் தன் உயரிய பரிசான தங்க நிக்கா சிலையை வழங்கியது.

ஆகவே கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில்: கவனம் ஈர்ப்பது இதன் ஒரு பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று கவனித்தால், இந்த உடலை அசைப்பது யார் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது புலப்படும். 2010களின் நடுவில் பெர்த்தில் ஐந்து நாள் நடத்திய நிகழ்ச்சியில், லண்டனில் இருப்பவர் காண்பதை மட்டும் கண்டு, நியூயார்க்கில் இருப்பவர் கேட்பதை மட்டும் கேட்டு, வலது கையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் அசைக்கக்கூடிய ஓர் இயந்திரச் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார். தினமும் ஆறு மணி நேரம்.

அவரோடு எனக்கு ஒரு பெரிய உடன்பாடின்மையும் உண்டு. "உடல் காலாவதியாகிவிட்டது" என்பது அவர் பல காலமாகச் சொல்லிவரும் வாசகம். யாருடைய உடல்? 'உடல்' என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குப் பாலினம் இல்லை, நிறம் இல்லை, வயது இல்லை, பசி இல்லை என்று ஆகிவிடுகிறது. அப்படி ஓர் உடல் எங்கேயும் கிடையாது. பெண்ணிய விமர்சகர்கள் இதை அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அடையாளம் என்ற விஷயத்தில் ஸ்டெலார்க்கிடம் பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் என் கருத்து. அதற்கு நாம் பெண் கலைஞர்களிடம் போக வேண்டும்.

பிரெஞ்சுக் கலைஞர் ஓர்லானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 முதல் 1993 வரை ஒன்பது அறுவை சிகிச்சைகளைக் கலை நிகழ்ச்சிகளாகவே நடத்தினார். 1993 நவம்பரில் நியூயார்க்கில் நடந்தது செயற்கைக்கோள் வழியாகப் பல நாட்டுக் கலைக்கூடங்களுக்கு நேரலையாகப் போனது. அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, கத்தி வேலை செய்யும்போதே பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கன்ன எலும்பைத் தூக்கிக் காட்ட வைக்கும் சிலிகான் துண்டுகளை நெற்றியின் இரு ஓரங்களிலும் வைக்கச் சொன்னார். அழகாக்குவதற்கென்று இருக்கும் அதே பொருள், இரண்டு அங்குலம் மேலே போனதும் கொம்பு மாதிரி தெரிகிறது. அழகு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு அதைவிடக் கூர்மையான பதிலை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தத் துறையில் ஒருவரை மட்டும் படியுங்கள் என்றால் லின் ஹெர்ஷ்மன் லீசன் பெயரைத்தான் சொல்வேன். 1941இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் வாழ்பவர். 1960களின் நடுவில் கர்ப்பமாக இருந்தபோது இதயம் பழுதடைந்து, மருத்துவமனையில் பிராணவாயுக் கூடாரத்துக்குள் கிடந்தார். மூச்சுவிடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. குணமான பின் தன் முகத்தையே மெழுகில் வார்த்து, விக் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பார்ப்பவர் பக்கத்தில் வந்தால் உள்ளே மறைத்து வைத்த டேப் ஓடும். முகம் மூச்சு வாங்கும், பேசும். 1972இல் பெர்க்லியில் ஓர் அருங்காட்சியகம் இந்தப் படைப்புகள் இருந்த கண்காட்சியை மூடிவிட்டது. காரணம், ஒலிநாடா கலையில் சேராதாம்.

அதனால் அவர் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே போனார். 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் டான்டே ஹோட்டல் என்ற மலிவு விடுதியில் அறை எடுத்து, கட்டிலில் மெழுகு உருவங்களைப் படுக்க வைத்தார். இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் சாவி வாங்கிப் போய்ப் பார்க்கலாம். பல மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் வந்த ஒருவர் பிணங்கள் என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட, அவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கண்காட்சி அத்தோடு முடிந்தது.

அங்கிருந்துதான் ராபர்ட்டா பிரைட்மோர் பிறந்தாள். இல்லாத ஒரு பெண். பொன்னிற விக், தனி நடை, தனிக் கையெழுத்து, தனிப் பேச்சு. லின் அவளாக வேடமிட்டு வெளியே போவார். ராபர்ட்டாவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது, வங்கிக் கணக்கு கிடைத்தது, கிரெடிட் கார்டு கிடைத்தது, வாடகை வீடு கிடைத்தது. மனநல மருத்துவரிடமும் போனாள். அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள், ஆட்கள் வந்தார்கள். அவர்களைச் சந்திப்பதை ஒரு புகைப்படக்காரர் தூரத்திலிருந்து, வேவு பார்ப்பதுபோல், படம் எடுத்தார்.

1975இல் வந்த ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். ராபர்ட்டாவின் முகம், மேலே வண்ணம் தீட்டி, கன்னத்துக்கு ஓர் எண், உதட்டுக்கு ஓர் எண், கண்ணிமைக்கு ஓர் எண் என்று கோடு இழுத்து, எந்த இடத்தில் எந்த மேக்கப் பொருள் என்று ஓரத்தில் குறித்திருப்பார். முகத்தைக் கட்டி எழுப்புவதற்கான வரைபடம் அது. அதைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் ராபர்ட்டா ஆகிவிடலாம். பிற்பாடு அதுவே நடந்தது: வேறு மூன்று பெண்களும் ராபர்ட்டாவாக நடமாடினார்கள். 1978இல் இத்தாலியின் ஃபெராரா நகரில் ஒரு சடங்கு நடத்தி ராபர்ட்டா என்ற பாத்திரத்துக்கு விடைகொடுத்தார்.

நாம் இன்று 'ப்ரொஃபைல்' என்று சொல்வதை அவர் கம்ப்யூட்டரே இல்லாமல் செய்து முடித்துவிட்டார். வங்கிக்கும் அரசுக்கும் ராபர்ட்டா உண்மையான ஆள்தான், காகிதம் சரியாக இருந்ததே. அதேநேரம் அவளுக்கு வந்த தொல்லைகளும் உண்மையானவை. தனியாக வாழும் ஒரு பெண் அந்த நகரத்தில் எதையெல்லாம் சந்திப்பாளோ அதையெல்லாம் அந்த உடல் சந்தித்தது. அடையாளத்தை எழுதலாம், அழிக்கலாம். அடி விழுவது என்னவோ உடலில்தான். ஸ்டெலார்க்கிடம் நான் காணாத விஷயம் இது.

1990களில் அவர் ராபர்ட்டாவைப் பொம்மையாகத் திரும்பக் கொண்டுவந்தார். கண்களில் கேமரா வைத்த பொம்மை. இணையத்தில் இருப்பவர்கள் அதன் கண்வழியாகக் கேலரியைப் பார்க்கலாம். வேடிக்கை பார்க்க வந்தவர் தானே பார்க்கப்படுபவராகிவிடுவார். 2018இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து ஒரு நோய் எதிர்ப்புப் புரதத்தையே படைப்பாக்கினார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்த அமிலங்களை விஞ்ஞானிகள் ஒற்றை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். 'லின் ஹெர்ஷ்மன்' என்ற பெயரின் எல்லா எழுத்துகளுக்கும் ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அந்தப் பெயரை அப்படியே புரதத்தின் தொடரில் கோத்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் உடலைத் தாங்களே முன்வந்து கொடுத்தவர்கள். நம் சம்மதம் இல்லாமலே நம் உடலைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, கலையும் அதைத் தொடர்ந்து போனது. அமெரிக்கக் கலைஞர் ஹெதர் டூயி-ஹாக்போர்க் 2012இல் நியூயார்க் தெருக்களில் கிடந்த முடி, மென்று துப்பிய சூயிங்கம், சிகரெட் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கினார். புரூக்ளினில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய ஓர் ஆய்வகத்தில் அவற்றிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பூர்வீகம், கண் நிறம், பாலினம் போன்றவற்றைக் கணித்து, முப்பரிமாண அச்சில் முகமூடிகளாக எடுத்துச் சுவரில் மாட்டினார். ஒவ்வொன்றின் கீழும் அந்தத் துண்டு கிடைத்த இடமும் நேரமும். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த முகங்கள் அச்சு அசலானவை அல்ல, தூரத்துச் சொந்தக்காரரின் சாயல் மாதிரி என்று அவரே சொன்னார். இதே நுட்பத்தைக் காவல்துறைக்கு விற்கும் நிறுவனங்கள் கிளம்பியபோது, அதன் பலவீனத்தை அம்பலப்படுத்தும் பக்கம் திரும்பினார்.

ராணுவ ரகசிய ஆவணங்களைக் கசியவிட்டதற்காக அப்போது அமெரிக்க ராணுவச் சிறையில் இருந்த செல்சி மேனிங், தன் முடியையும் கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து எடுத்த மாதிரியையும் அவருக்கு அனுப்பினார். சிறையிலிருந்து அவருடைய புகைப்படம் வெளியே வர வழியில்லை. 2017இல் ஒரே டிஎன்ஏவிலிருந்து 30 வெவ்வேறு முகங்களைச் செய்து நியூயார்க்கில் கண்காட்சி வைத்தார் ஹெதர். ஆண்போல் சில, பெண்போல் சில, வெவ்வேறு நிறங்களில், வெவ்வேறு உயரங்களில். தகவல் ஒன்றுதான், அதைப் படிக்கும் மென்பொருளில் எந்த அனுமானத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து முப்பது பேர் வருகிறார்கள். திருநங்கையான மேனிங்கின் அடையாளத்தை மரபணு முடிவு செய்யும் என்று சொல்பவர்களுக்கு இதுவே போதும்.

நம்மைப் போன்ற கறுப்பு, மாநிறத் தோல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் ஜாய் புவோலாம்வினி. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் மேல் வேறொரு உருவம் விழும்படி ஒரு கலைப்படைப்பு செய்ய முயன்றார். முகத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அவர் முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டது. அந்த இடத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் போனார். 2018இல் கணினி ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறு செய்ய, கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. கலை முயற்சி ஒன்று தடுமாறிய இடத்திலிருந்து கிடைத்த எண்கள் இவை.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்றால், ராபர்ட்டாவின் அந்த மேக்கப் வரைபடத்தை முதலில் பாருங்கள், பிறகு ஸ்டெலார்க் மூன்று கையால் எழுதும் புகைப்படத்தை, அப்புறம் 1996 'பிங்' நிகழ்ச்சியின் வீடியோவை. மேனிங்கின் முப்பது முகங்கள் அதற்கடுத்து. ஒவ்வொன்றிலும் இந்த உடலை அசைப்பது யார், படிப்பது யார், பெயர் வைப்பது யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் பெரிய வார்த்தைகள் இல்லாமலே விஷயம் பிடிபட்டுவிடும். ஓர்லானின் அறுவை சிகிச்சைப் பதிவு கடைசியில் இருக்கட்டும். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் என்பவர்கள் அதை விட்டுவிடலாம். நெற்றியில் அந்தக் கொம்புகளோடு இருக்கும் அவருடைய பிற்காலப் புகைப்படங்களே போதுமானவை.